காலையில் காபி எத்தனை மணிக்கு?

ஆதிமூலம் அண்ணனை யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். போன ஆடி மாதம் வரைக்கும் அப்படித்தான். கோயிலுக்குப் பின்பக்கம் இருக்கிற ஒரு லாட்ஜில் முப்பத்தோரு வருஷமாக கவுன்டரில் நிற்கிற மனிதர். எதிரில் என் பிரவுசிங் சென்டர். அவர் ஆட்களைத் திருப்பி அனுப்புகிற லட்சணத்தை நான் தினமும் பார்க்கிறவன்.

தனி ஆளாக வந்தால் அறை தருவதற்கு நம்ம ஊர் லாட்ஜ்காரர்கள் பலர் யோசிப்பார்கள். கோயில் ஊர் பாருங்கள், சாமி கும்பிட வருகிறவர்களோடு, வாழ்ந்தது போதும் என்று வருகிறவர்களும் சேர்ந்து வந்துவிடுவார்கள். அண்ணன் எடுத்த எடுப்பில் விரட்ட மாட்டார். ரிஜிஸ்டரைத் திறந்து பெயர், ஊர் எழுதிக்கொள்வார். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, "காலைல காபி எத்தினி மணிக்கு அனுப்பட்டும்?" என்று கேட்பார். ஆறு மணி, ஏழு மணி என்று பதில் வந்தால் சாவி. "அதெல்லாம் வேணாங்க" என்றால் ரிஜிஸ்டர் மூடிவிடும். முதுகுக்குப் பின்னால் பத்து சாவி தொங்கும். ரூம் இல்லை என்று கூசாமல் சொல்வார்.

"காபி குடிக்காதவன் ரோட்லதான் படுக்கணுமாண்ணா?" என்று கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

"டீ கேட்டாலும் குடுப்பேன் சரவணா. சுடுதண்ணி கேக்கட்டும், போதும். நாளைக்குக் காலைல அவனுக்கு எதுனா ஒண்ணு வேணும்" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை தீபம் முடிந்த வாரம், சடையன் என்று ஒரு விவசாயி சங்கராபுரம் பக்கத்திலிருந்து வந்தார். காபி வேண்டாம் என்றார். அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் செத்துக் கிடந்த அவர் போட்டோவோடு தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தார். "எங்க லாட்ஜ்ல தங்கல சார்" என்றார் அண்ணன். உண்மைதான். அந்த உண்மையைச் சொன்ன பிறகு ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ரூம் இல்லன்னு சொன்னேன் சரவணா. உக்காருப்பான்னு ஒரு வார்த்த சொல்லல" என்று என் கடையில் வந்து புலம்பினார். அதற்கும் நான் ஏதோ கிண்டலாகத்தான் சொன்னேன். நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவருக்கு ஒரே பெண், சிந்துஜா. ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை. விசா காகிதமெல்லாம் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவள் விமானம் ஏறிய அன்று, அவர்கள் வீடு இருக்கிற அடி அண்ணாமலை பஸ் ஸ்டாப்பில் வைத்த பேனரும் என் கடையில் அடித்ததுதான். கோட்டு போட்ட மாதிரி படத்தை மாற்றி, 'எங்கள் ஊரின் பெருமையே' என்று போட்டேன்.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டரை இருக்கும். அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்தார். "பாப்பா ப்ராக்னு ஒரு ஊரு சுத்திப் பாக்கப் போறாளாம், நாளைக்கு. அப்பா, ஊருக்கே ரூம் போட்டுக் குடுக்கற ஆளு நீ, எனக்கும் நீயே ஒரு ஹோட்டல் பாத்துக் குடுன்னு சொல்றாப்பா. போன்ல சின்னதா தெரியுது. உன் கம்ப்யூட்டர்ல காட்டு."

காட்டினேன். ஐரோப்பாவை அவர் லாட்ஜ்காரர் கண்ணால்தான் பார்த்தார். "மொதல்ல பாத்ரூமக் காட்டு. மெத்தைய எவன் வேணா அழகா போட்டோ எடுப்பான்." ஸ்டேஷனை ஒட்டியிருந்த இரண்டைத் தள்ளினார், தூக்கம் வராதாம். அழகான ஒன்றை, படிக்கட்டு கவுன்டருக்குத் தெரியாமல் போகிறது என்று தள்ளினார். "உள்ள போறவங்க, வெளிய வர்றவங்க யாராச்சும் ஒருத்தர் கண்ணுல படணும்பா." கடைசியில் ஆற்றோரம் மஞ்சள் கட்டடம் ஒன்று பிடித்தது. இந்த விலைக்கு ஒரே ஒரு அறைதான் பாக்கி என்று சிவப்பு எழுத்தில் மின்னியது. மகளை அழைத்து, போனை ஸ்பீக்கரில் வைத்தார். அங்கே அப்போதுதான் காலை ஒன்பது.

"எத்தினி பேரும்மா?"

"நான் மட்டுந்தான்பா."

"மேல் வீட்டு அபிநயா வரலியா?"

"அவகிட்ட சொல்லல. செடிங்கள மட்டும் அவகிட்டக் குடுத்துட்டேன்."

"ரெண்டு நாள்ல செடிக்கு இன்னா ஆயிடும்?"

"சும்மாதான்பா" என்றாள்.

"திங்கக்கெழம வரைக்கும் போடட்டுமா?"

"ஒரு நாள் போதும்பா."

"திரும்பி வர்ற ட்ரெயினு?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

நான் மடையன், நடுவில் புகுந்தேன். "சிந்து, டிபனோட சேத்தா கொஞ்சந்தான் ஜாஸ்தி வருது. பதினேழு வகை ரொட்டியாம், விட்றாத!"

"வேணாண்ணா."

"அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க, ஒரு ரூம்தான் இருக்குது" என்று மவுசை பட்டன் மேல் கொண்டுபோனேன்.

அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். குரலை மட்டும் எப்போதும் போல வைத்துக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, காலைல காபி எத்தினி மணிக்கு அனுப்பச் சொல்லட்டும்?"

பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே காபிக்கு அழுத பெண் அவள். பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடிப்பாள்.

"காபி வேணாம்பா."

நான் சிரிக்கப் போனேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். போலீஸ்காரர் போட்டோவை நீட்டியபோது அண்ணனிடம் பார்த்த அதே முகம்.

"பாப்பா," என்றார், "சாவணும்னு தோணுதாம்மா?"

எந்த அப்பன் பெற்ற பெண்ணிடம் இப்படிக் கேட்பான்! வாயைக் கழுவுங்கள் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவள் சின்னக் குரலில், "எப்டிப்பா தெரிஞ்சுது?" என்றாள்.

"உக்காரு" என்றார் அண்ணன். "நின்னுகினு பேசாத. எங்கயாச்சும் உக்காரு மொதல்ல. நான் எங்கயும் போவல." சொல்லிக்கொண்டே ஒரு ஜெராக்ஸ் தாளில் 'அபிநயா' என்று கிறுக்கி என் பக்கம் தள்ளினார்.

போளூர்ப் பெண் அபிநயா. அவளுக்கும் காகிதம் போட்டவன் நான், நம்பர் இருந்தது. வாசலுக்கு ஓடிப்போய் அழைத்தேன். ஆபீசுக்கு பஸ் ஏறிவிட்டேனே அண்ணா என்றாள். "எறங்கு!" என்று நான் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது. "சிந்து வீட்டுக் கதவப் போய்த் தட்டும்மா. ஓடு. கேள்வி அப்புறம்." கால் மணி நேரம் ஆகும் என்றாள்.

அந்தக் கால் மணி நேரம் அண்ணன் புத்தி எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை போய் மூன்று மாசமாம். யாரிடமும் சொல்லவில்லையாம். "ஊர்ல பேனர் வச்சீங்களேப்பா, எந்த மூஞ்சிய வச்சிகினு திரும்பி வருவேன்?"

அதை அடித்தவன் நான்.

"அந்தப் பேனரு மாட்டுக் கொட்டாய்க்கு மேலதான் கெடக்குது பாப்பா. மழைக்கு மாடு ஒதுங்கட்டும்னு போட்டேன். வேற ஒண்ணுக்கும் ஆவல. நீ வந்தா போதும்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. மூச்சும் கேட்கவில்லை. "பாப்பா? பாப்பா?" என்கிறார், இரைச்சல்தான் வருகிறது. அண்ணாமலையாரே என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். தூரத்தில் காலிங் பெல் அடித்தது. மறுபடியும் அடித்தது. யாரும் திறக்கவில்லை.

"பாப்பா, அது அபிநயாதான். கதவத் தெறம்மா."

மூன்றாம் முறை அடித்தது. நாற்காலி நகரும் சத்தம். நாலு எட்டு நடை. தாழ்ப்பாள். பிறகு மேல்மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு குரல் ஏதோ கேட்டது. சிந்துஜா உடைந்து அழுதாள். அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் பேசினாள். "காபி போடட்டுமான்னு அபிநயா கேக்குறாப்பா."

"நீ இன்னாம்மா சொன்ன?"

"போடுன்னேன்."

அண்ணன் என் கீபோர்டு மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஜெராக்சுக்கு வந்த இருவர் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். நான் எழுந்துபோய் அவர்களை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினேன்.