வீங்கிய உதடு ஓடிய தூரம்

மும்பை சயானில் ஒரு மருத்துவ ஆய்விதழுக்கு நான் மேனேஜிங் எடிட்டர். அச்சில் வந்த காலத்தில் எங்கள் இதழை முழுக்கப் படித்தவர்கள் அதில் எழுதியவர்களும் நானும்தான். பிறகு சோஷியல் மீடியா வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு படம், இரண்டு வரி, கீழே இதழின் பெயர், முகவரி என்று ஒரு கார்டு போட ஆரம்பித்தோம். டாக்டர்கள் கட்டுரையை மறந்துவிட்டு, கார்டுக்கு எத்தனை லைக் என்று கேட்டு என் உயிரை எடுத்தார்கள்.

ஒருமுறை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு உதடு வீங்கிப்போன ஒருவரைப் பற்றிக் கட்டுரை வந்தது. கார்டில் வீங்கிய உதடு, மாத்திரையின் பெயர், மூலையில் 'கேஸ் ரிப்போர்ட்'. அப்படிப் போட்டால், ஒருவருக்கு நடந்தது, எல்லோருக்கும் பொருந்தாது என்று டாக்டர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் விளக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

கார்டு போன் போனாகப் பறந்தது. எடிட்டர் சார் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், லேசில் சிரிக்க மாட்டார். அன்று ஆபீசுக்கே சமோசா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் தாராவியிலிருந்து ஜுலைகா வந்தார். கணவரோடு தோல் பர்ஸ் தைக்கும் பட்டறை நடத்துபவர். போனை என் மேஜைமேல் வைத்தார். எங்கள் கார்டு.

"இது நீங்க போட்டதாக்கா?"

"ஆமா."

"பர்ஸ்காரங்க வாட்ஸ்ஆப் குரூப்புல வந்துச்சு. இந்த மாத்திரைய யாரும் திங்காதீங்கன்னு தமிழ்ல வேற பேசி அனுப்பியிருக்காவ. எங்க வீட்டுக்காரவுக அன்னைக்கே நிறுத்திட்டாவ. நேத்து மெஷின்மேலயே சாஞ்சுட்டாவ. பிரஷர் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"திரும்பப் போடச் சொல்லுதாரு. இவுக கேக்க மாட்டேங்காவ. டாக்டருங்க புக்குலயே வந்திருக்குன்னு இதத்தான் நீட்டுதாவ."

விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"எனக்குப் புரிஞ்சு என்னக்கா செய்ய? இதே மாதிரி ஒண்ணு தமிழ்ல போட்டுத் தாங்க. இதே கலரு, இதே பேரு. அப்பதான் நம்புவாவ."

எடிட்டர் சாரிடம் போனேன்.

"கட்டுரைல ஒரு தப்பும் இல்லையே, விமலா. தமிழ்ல போடற வழக்கமும் நமக்கு இல்லை."

"கட்டுரையை அவர் எங்க சார் படிச்சார்? நம்ம கார்டைப் பார்த்துத்தான் மாத்திரையை நிறுத்தினார்."

கண்ணாடிக் கதவு வழியாக ஜுலைகாவைப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் எழுத வராது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்கோ."

மேலே மாத்திரையின் பெயர். கீழே, 'நாங்கள் முன்பு போட்ட உதடு வீக்கம் ஒரே ஒருவருக்கு நடந்தது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உதடோ முகமோ வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.' அதே கலர், அதே பெயர். பழைய கார்டை எடுத்துவிட்டு இதைப் போட்டோம். குரூப்புகளில் சுற்றுவதை யாரால் எடுக்க முடியும்? ஜுலைகாவின் போனுக்கும் அனுப்பினேன்.

புதிய கார்டை ஒருவரும் சீந்தவில்லை. அதில்தான் வீங்கிய உதடு இல்லையே!

மறுநாள் ஜுலைகாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, வாசிச்சுக் காட்டுனேன். இன்னொரு தடவ வாசிக்கச் சொன்னாவ. பொறவு அவுகளே தண்ணி கேட்டு மாத்திரையப் போட்டுட்டாவ."

அன்றிலிருந்து எங்கள் கார்டுகளில் முதல் வரியே எத்தனை நோயாளிகள் என்பதுதான். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

வாய்ஸ் மெசேஜ் வந்த அன்று சாயங்காலம் எடிட்டர் சார் வழக்கம்போல் கேட்டார்.

"தமிழ் கார்டுக்கு ரீச் எவ்வளவு?"

"ஒருத்தர், சார்."

அன்றும் சமோசா வந்தது.