ராக்கு மிதித்த தரை

ஊருணித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார் ராக்கு அக்கா. முகம் கோணவில்லை என்றால் தள்ளுவண்டியில் நாலு குடமும் ஏறும். கோணினால் வண்டி அடுத்த ஊருணிக்குத் திரும்பிவிடும். குடிக்க இல்லை, கிரிக்கெட் பிட்சுக்கு ஊற்ற. மைதானத்து ஓரத்திலேயே போர்வெல் இருக்கிறது, சுவிட்சைத் தட்டினால் கொட்டும். "அது உப்பு. ஊத்துனா மூணே நாள்ல தரை பூத்துப் பொடிஞ்சு போயிரும். உப்ப எனக்குத் தெரியாதாக்கும்?" என்பார். தெரியாமல் எப்படி இருக்கும்? வாலிநோக்கம் உப்பளத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவர்.

எங்கள் நீலக்கடல் கிரிக்கெட் கிளப்பில் நான் ஸ்கோர் எழுதுகிறவன். ஆடத் தெரியாதவனுக்குக் கொடுக்கும் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பையன்கள் அடித்த பந்து ராக்கு வீட்டு வாசலில் இருந்த மண்பானையை உடைத்துவிட்டது. விளக்குமாற்றோடு சண்டைக்கு வந்தார். வந்தவர் பிட்சைப் பார்த்ததும் பானையை மறந்துவிட்டார். "ஏலே, இதெல்லாம் ஒரு தரையா? உப்புப் பாத்திக்கு இப்படித் தரை போட்டா எங்க மேஸ்திரி எங்கள ஊரைவிட்டே வெரட்டிருவாரு" என்று கத்தினார். மறுநாள் சாயங்காலம் தானாகவே வந்து மிதிக்க ஆரம்பித்தவர்தான், அதன்பிறகு நிறுத்தவே இல்லை.

அந்த மிதியைப் பார்க்க வேண்டும். உப்புப் பாத்திக்குத் தரை கெட்டிப்பட, ஈர மண்ணை வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அதே மிதிதான் இங்கேயும். குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை மெதுவாக முன்னால் சாய்த்து, அரையடி தள்ளி அடுத்த காலை வைப்பார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரமாகும். ரோலர் ஒன்று வாங்கிப் போட்டோம். அதை ஓரங்கட்டிவிட்டார். "இரும்புக்கு எங்கன பள்ளம் எங்கன மேடுன்னு தெரியுமா? காலுக்குத் தெரியும்."

ஆனால் ஆட்டம்? அட, ஒரு மண்ணும் தெரியாது! வேகப்பந்து போடுகிறவன் அவருக்கு 'ஓடியாறவன்', சுழற்பந்து போடுகிறவன் 'நடந்து வாரவன்'. எல்லோரும் சேர்ந்து எல்பிடபிள்யூ கேட்டுக் கத்தினால், சண்டை வந்துவிட்டதோ என்று எழுந்து நிற்பார். பந்து தரையில் குத்தும் இடத்தை மட்டும் பார்ப்பார், அதற்குப் பிறகு அது சிக்ஸராக எங்கே போனாலும் அவருக்கு அக்கறையில்லை. ஒருமுறை ராமநாதபுரத்திலிருந்து வந்த அம்பயரை ஆணி வைத்த ஷூவோடு பிட்சில் ஏறவிடாமல் மறித்துவிட்டார். "கழத்திட்டு வாங்கய்யா, கோயிலுக்குள்ள மட்டும் கழத்துறீகள்ல?" மனுஷன் சாக்ஸோடு டாஸ் போட்டார்.

செயலாளர் ஹசன் அலி குவைத்தில் பதினெட்டு வருஷம் இருந்து திரும்பியவர், கை தாராளம். மாதம் ஏதாவது தருகிறேன் என்று ஒருமுறை சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "கூலி குடுத்தா நீ சொன்னாப்ல மிதிக்கணும் தம்பி. சும்மா மிதிச்சா நான் நெனச்சாப்ல மிதிப்பேன்." அபிராமத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஜோதிகாவும் போனில் கேட்டுப் பார்த்தாள், ஊர்ப் பயல்கள் விளையாட நீ ஏன் காலைத் தேய்க்கிறாய் என்று. அதற்கு ராக்கு சொன்ன பதிலைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். "அளத்துல முப்பது வருசமா எத்தன பாத்தி மிதிச்சிருப்பேன். எது நான் மிதிச்சதுன்னு எனக்கே தெரியாதுடி. இங்கன அப்படியா? ராக்கு பிட்சுன்னுதான சொல்லுதுக."

இந்த வருஷம் அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஹசன் அலியின் குவைத் நண்பர்கள் சேர்ந்து, மண் பிட்சை எடுத்துவிட்டு சிமென்ட் தளம் போட்டு மேல் மேட் விரித்துத் தருவதாகச் சொன்னார்கள். மழை பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் ஆடலாம். கேப்டன் தனுஷ் மட்டும் கூடாதென்று குதித்தான். "மேட்ல ஆடிப் பழகிட்டு, வெளியூர்ல மண்ணுல போயி நின்னா முழிக்க வேண்டியதுதான்." கடைசியில் ஒரு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் அணியோடு ஆட்டம் இருந்தது. அன்றைக்கு பிட்ச் ஒழுங்காக நடந்துகொண்டால் மண் நிலைக்கும், இல்லாவிட்டால் சிமென்ட். ராக்குவும் சம்மதித்தார். "ஆடிப் பாத்துக்கங்க" என்றார், அவ்வளவு தெம்பாக.

பன்னிரண்டு நாள் மிதித்தார். வெள்ளிக்கிழமை நான் விரலால் தட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, மரப்பலகை போல 'டக்'கென்றது.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தென்கிழக்கே கருமேகம் திரண்டது. உப்பளத்துக்காரர்களுக்கு மேகம்தான் எதிரி. ஒரு தூற்றல் போதும், ஒரு மாத உழைப்பு கரைந்து ஓடிவிடும். மேகம் கறுத்தால் யோசிக்கவே மாட்டார்கள், முதலில் போய் மூடுவார்கள். ராக்குவும் அளத்துக்கு ஓடி, உப்பு அம்பாரத்துக்குப் போடும் தார்ப்பாயைத் தலையில் சுமந்துவந்து பிட்சை இழுத்து மூடிவிட்டார். சுற்றிலும் கல் வைத்தார். ஒரு துளி விழவில்லை. மேகம் கடலுக்கே திரும்பிப் போனது. ஆனாலும் வந்தாலும் வரும் என்று விடியும்வரை அவர் பாயை எடுக்கவில்லை. காலையில் எடுத்தபோது அடியில் தரை முழுக்க வியர்த்துக் கிடந்தது. உப்பை மூடினால் உப்பு பிழைக்கும். ஈரம் காத்துவைத்த களிமண்ணை மூடினால் இப்படித்தான் ஆகும். பாவம், அந்த வித்தியாசம் அவருக்கு அன்றுவரை தெரியவேண்டி வந்ததில்லை.

ஒன்பதரைக்கு நாங்கள் முதலில் ஆட இறங்கினோம். ஒரு பந்து குத்திவிட்டு நின்று யோசித்து வந்தது, அடுத்தது முயல் மாதிரி துள்ளியது. ஏழாவது ஓவரில் தனுஷின் தாடை கிழிந்து ரத்தம் கொட்டியது. எழுபத்தொன்பதுக்குச் சுருண்டோம். கொடுமை என்னவென்றால், மதியத்துக்குள் வெயிலில் தரை காய்ந்துவிட்டது. ராமநாதபுரம் பையன்கள் ஆடியபோது அதே பிட்சில் பந்து அளவெடுத்தது போல எழுந்து வந்தது. ஒரே விக்கெட்தான் போனது. புளியமரத்தடியில் உட்கார்ந்து ராக்கு ஒவ்வொரு பந்தும் குத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம், "பாத்தீகளா, எம்புட்டு அழகா வருது" என்றார். நான் அடுத்த ரன்னை எழுதினேன்.

ஆட்டம் முடிந்ததும் ஹசன் அலியே ஒரு வழி விட்டார். "பனி விழுந்திருக்குக்கா. அல்லா விட்டது, உன் தப்பு இல்ல." தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். பனி மீது பழியைப் போட்டு இன்னொரு ஆட்டம் வாங்கியிருக்கலாம். நான் கண்ணைக்கூடக் காட்டினேன்.

"பனி எங்கன விழுந்துச்சு? மேகத்தப் பாத்துப் பயந்து நாந்தேன் பாயப் போட்டு மூடுனேன்" என்றார் ராக்கு. "என்னையச் சொல்லுங்க தம்பி. மண்ணக் குத்தஞ்சொல்லாதீக. மண்ணு நல்ல மண்ணு."

தாடையில் கட்டோடு தனுஷ், "இன்னொரு மேட்சு பாப்போம் பாய்" என்று கெஞ்சினான். ஹசன் அலிக்கும் மனசு இல்லைதான். ஆனால் குவைத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை கொத்தனார் வருவார் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ராக்கு வீட்டுக்குப் போனார். திங்களும் செவ்வாயும் மைதானப் பக்கமே வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

புதன்கிழமை கொத்தனார் தங்கசாமி தனியாக வந்தார். சித்தாள் வரவில்லையாம். நீள டேப்பின் நுனியை ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டு நடந்தார். கடல்காற்றுக்கு அது பிடுங்கிக்கொண்டு பறந்தது. மறுபடி வைத்தார், மறுபடி பறந்தது. "யாராச்சும் புடிங்கப்பா" என்று கூப்பிட்டார். தனுஷ் எங்கோ பார்த்தான். நான் ஸ்கோர் நோட்டைப் புரட்டினேன். பத்துப் பேர் நின்றோம், ஒருவரும் அசையவில்லை.

வேலிப் பக்கமிருந்து ராக்கு வந்தார். டேப்பின் நுனியை எடுத்தார். கொத்தனார் காட்டிய இடத்தில் வைக்காமல் இரண்டு சாண் மேற்கே தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அங்கன மழத்தண்ணி நிக்கும், சிமிட்டி தாங்காது. இங்கனருந்து அளங்க" என்றவர், டேப் இறுகி நேராகும்வரை இரண்டு கையாலும் அதைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.