ஞானமேரியின் காரில் எரிந்து அணைந்த விளக்குகள்

திண்டிவனத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களில் பாதிப் பேராவது ஞானமேரியிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். அவருடைய கணவர் அமிர்தசாமி 1993இல் ஒரு பழைய காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் தொடங்கியவர். கற்றுக்கொள்ள வந்த பெண்கள், பக்கத்தில் ஆண் வாத்தியார் உட்காருவார் என்று தெரிந்ததும் தயங்கித் திரும்பிப் போனார்கள். அதற்காகவே அவர் மனைவிக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்து, லைசென்ஸ் எடுக்கவைத்து, சில வருஷங்களில் வாத்தியாராகவும் ஆக்கிவிட்டார். பின்னாளில் சர்க்கரை நோய் அமிர்தசாமியின் கண்ணைப் பாதித்தது. அவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, வண்டி முழுக்க ஞானமேரியின் பொறுப்பானது.

காரில் அவர் இடம் இடதுபக்க இருக்கை. அங்கே அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. வண்டி வாங்கிய பிறகு வெளியே கொடுத்துப் பொருத்திக்கொள்வது அது. ஓட்டுகிறவர் தடுமாறினால் வாத்தியார் தன் பக்கத்திலிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம். பழைய காரில் அந்தப் பெடல்கள் இத்தனை வருஷமும் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

தொந்தரவு 2014இல் வாங்கிய புதுக் காரோடு வந்தது. மூன்றாவது மாதம் ஒருநாள் ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் விளக்கு, பிரேக் விளக்கு, இன்ஜின் விளக்கு மூன்றும் சேர்ந்து எரிந்தன. கீழே சின்னத் திரையில், ஸ்டியரிங்கைச் சோதிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. ஞானமேரி ஓரம்கட்டச் சொல்லிச் சாவியைத் திருப்பி அணைத்தார். மறுபடி போட்டபோது எல்லாம் சுத்தமாக இருந்தது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் இரண்டு முறை வந்தது.

அவரே விழுப்புரம் வரை ஓட்டிக்கொண்டு போய், பைபாசில் இருந்த சர்வீஸ் சென்டரில் விட்டார். வழி நெடுக ஒரு விளக்கும் எரியவில்லை. சூப்பர்வைசர் மரிய அருண் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார். எப்போதோ ஒருமுறை உள்ளே தொடர்பு அறுந்ததாகப் பதிவாகியிருக்கிறது, இப்போது எதுவும் இல்லை என்று சொல்லி அந்தப் பதிவை அழித்துக் கொடுத்தார். அடுத்த முறை பேட்டரியை மாற்றினார்கள். அதற்கடுத்த முறை சக்கரத்தில் இருக்கும் ஒரு சென்சாரை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் மரிய அருண் தானே ஓட்டிப் பார்த்து, வண்டி அருமையாக இருக்கிறது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அந்த வாரமே விளக்கு எரிந்தது.

விளக்கு எரிவதை ஞானமேரி போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மரிய அருண் பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பியதும் எல்லா வண்டியிலும் எல்லா விளக்கும் இப்படித்தான் ஒரு நொடி எரியும் மேடம் என்றார். படத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஞானமேரிதான் நிறுத்தச் சொன்னார் என்பதைப் படம் எப்படிக் காட்டும்? நான் பொய் சொல்லவா இவ்வளவு தூரம் வருகிறேன் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அமிர்தசாமி தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். வெயில், மழை, எலி. பெண்கள் செருப்போடு கிளட்ச்சை மிதிப்பதுதான் காரணம் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ ஓட்டினா வரல, அவங்க ஓட்டினாத்தான் வருதுன்னா, கோளாறு வண்டியில இல்ல மேரி. ஆளுலதான் கீது."

சர்வீஸ் சென்டரிலும் அதையேதான் நாகரிகமாகச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு ஞானமேரிக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நன்றாக ஓட்டுகிற பெண் வந்தால் வண்டி ஒழுங்காக ஓடியது. மோசமாக ஓட்டுகிறவள் வந்தால் விளக்கு எரிந்தது. வண்டிக்கு ஆள் தெரிகிறது என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டார்.

அப்படிப் பார்த்தால் வெண்ணிலாதான் எல்லாரிலும் மோசம். முகையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு நர்சாக இருந்தவர். வேலைநேரத்துக்குப் பஸ் ஒத்துவரவில்லை என்று கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். லீவு நாளில் திண்டிவனத்து அக்கா வீட்டுக்கு வந்து தங்கிப் பழகிவிட்டுப் போவார். ஊசி போடக் கை நடுங்காத அந்தப் பெண்ணுக்கு எதிரே லாரி வந்தால் மட்டும் கண் இருட்டிவிடும். அவர் ஓட்டினால் ஒரு வகுப்பில் நாலைந்து தடவை விளக்கு எரியும். ஞானமேரி தலையில் அடித்துக்கொள்வார். வெண்ணிலா பதில் பேசாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்.

ஒரு சனிக்கிழமை காலை, திண்டிவனம் மார்க்கெட் கமிட்டி அருகே மல்லாட்டை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெண்ணிலா திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. ஞானமேரி ஓங்கி பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி வேகம் குறைந்தது. அதே நேரம் விளக்குகள் மொத்தமாக எரிந்தன. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகியது. வெண்ணிலா திருப்பப் பார்த்தும் திரும்பாமல், அடுக்கியிருந்த மூட்டைகளில் முட்டி வண்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஒரு மூட்டை கிழிந்து வேர்க்கடலை ரோட்டில் கொட்டியது. சுமை இறக்கியவர்கள் திட்டியதை எல்லாம் ஞானமேரி வாங்கிக்கொண்டு, வெண்ணிலாவைப் பக்கத்து இருக்கைக்கு மாறச் சொன்னார். வண்டியை அப்படியே விழுப்புரத்துக்கு விட்டார். வெண்ணிலாவும் ஊருக்குத் திரும்ப அங்கேதான் பஸ் ஏற வேண்டும்.

மரிய அருண் லேப்டாப்பைச் செருகினார். வழக்கம்போல அவர் மட்டும் ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வழக்கம்போல வண்டியில் ஒன்றுமில்லை.

"இன்னிக்கு மூட்டையில மோதுச்சு, நாளைக்கு ஆளு மேல மோதும். அப்பவும் ஒண்ணும் இல்லன்னு சொல்லுவீங்களா? இந்த வண்டியோட பெரிய பேஜாராப் போச்சுங்க. இது சரியாவற வரைக்கும் நான் இங்கேர்ந்து போறதா இல்ல" என்று ஞானமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மரிய அருணும் பொறுமை இழந்திருந்தார். கோளாறு எங்கள் கண்ணில் பட்டால்தானே பார்க்க முடியும், எப்போது வருகிறது என்றாவது சரியாகச் சொல்லுங்கள் என்றார்.

பையை மடியில் வைத்து ஓரமாக உட்கார்ந்திருந்த வெண்ணிலா நிமிர்ந்து பார்த்தார். "எந்த லைட்டைச் சொல்றீங்க? மேடம் பிரேக் மிதிச்சா எரியுமே, அதுவா?"

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாத்தியார் மிதிச்சா ஓட்டறவங்களுக்குத் தெரியணும்னு வெச்சிக்கிறாங்கன்னு நெனச்சேன். அது எரிஞ்சாலே எனக்குத் திட்டு வரப்போவுதுன்னு தெரிஞ்சிடும்."

ஞானமேரி குனிந்து தன் காலைப் பார்த்தார். பிரேக்கை மிதிக்கும்போது அவர் கண் ரோட்டில் இருக்கும். அடுத்து வாய் திட்டத் தொடங்கிவிடும். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் டேஷ்போர்டைப் பார்ப்பார். தன் காலும் அந்த விளக்கும் ஒரே நேரத்தில் நடக்கிறவை என்று இத்தனை மாதத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. சோதித்துப் பார்த்தவர்களோ எப்போதும் வலதுபக்கம் மட்டும் உட்கார்ந்து ஓட்டினார்கள்.

உடனே இன்ஜினை ஓடவிட்டு, மரிய அருண் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். ஞானமேரி தன் இடத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். ஒன்றும் எரியவில்லை. மறுபடி மிதித்தார். ஒன்றும் இல்லை. மரிய அருண் பெருமூச்சு விட்டார். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வெண்ணிலா மெதுவாகச் சொன்னார்:

"அப்பிடி இல்ல மேடம். எனக்கு மிதிப்பீங்களே, அந்த மாதிரி மிதிங்க."

ஞானமேரி அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு பேட்டரி, சென்சார், போன் படம், மல்லாட்டை மூட்டை எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே மிதி மிதித்தார். டேஷ்போர்டு முழுக்க விளக்கு எரிந்தது.

மரிய அருண் டார்ச்சோடு இடதுபக்கம் தலைகீழாகப் படுத்துப் பார்த்தார். அந்தப் பெடல்களைத் தாங்கும் இரும்புத் தகடு, காரின் ஒயர் கட்டோடு ஒட்டி முடுக்கப்பட்டிருந்தது. பலமாக மிதிக்கும்போது தகடு அசைந்து ஒயர்களை அழுத்தியது. மெல்லிய ஒயர் இரண்டு தோல் தேய்ந்து செம்பு தெரிய நின்றன. ஸ்டியரிங், பிரேக், இன்ஜின் மூன்றுக்கும் உள்ள சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அந்த ஒயர்களில்தான். செம்பு இரும்பில் உரசும்போது பேச்சு அறுந்துவிடுகிறது, எல்லா விளக்கும் எரிகிறது, ஸ்டியரிங்கும் இறுகுகிறது என்று அவர் விளக்கினார். பழைய காரில் இந்தக் கம்ப்யூட்டர்களும் இல்லை, இந்த ஒயர்களும் இல்லை.

வெளியே பொருத்தியதால் இதற்கு வாரண்டி வராது என்றும் சேர்த்துச் சொன்னார். அதைக் கேட்டதும் ஞானமேரிக்குப் பழைய கோபம் ஒரு நொடி திரும்பிவந்தது. ஆனால் திட்டுவதற்குச் சரியான ஆள் யாரும் அங்கே இல்லை. ஒயரைச் சரிசெய்து, உறை போட்டு, தகட்டைத் தள்ளிப் பொருத்தும் வரை நாற்காலியில் காத்திருந்தார். வெண்ணிலாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் எங்கே மேடம் பேச விட்டீர்கள் என்றார் அவர்.

அடுத்த வகுப்பில் விளக்கு எரியவில்லை. ஆனால் வெண்ணிலா முன்பைவிட அதிகமாகப் பதறினார். என்ன என்று கேட்டால், நீங்கள் எப்போது மிதிக்கிறீர்கள் என்றே இப்போது தெரியவில்லை, வண்டி தானாக நின்றதா நான் நிறுத்தினேனா என்று குழப்பமாக இருக்கிறது என்றார். அன்று முதல் ஞானமேரி தன் பக்கத்துப் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் வாய்விட்டு, "மிதிச்சிட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். தன் காதால் கேட்டபிறகுதான், எத்தனை தடவை சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. தேவையே இல்லாத இடத்திலும் கால் போயிருந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே சலிப்பாகி, கடைசியில் காலை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

முதல் டெஸ்டில் வெண்ணிலா ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டித் தோற்றார். இரண்டாவது முறை பாஸ் ஆனார். அந்த வருஷம் மழைக்காலம் வருவதற்குள் பழைய கார் ஒன்றை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.