எழுத்தில்லாத பேனர்

அந்த வருடங்களில் இரும்புலியூரிலிருந்து தாம்பரம் வரை சாலையின் இரண்டு பக்கமும் ஃபிளெக்ஸ் பேனர்கள்தான். காதுகுத்துக்கு ஒன்று, மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, தலைவர் வருகைக்குப் பத்து. பள்ளி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றை எண்ணிக்கொண்டே போவேன். எண்ணுவதும் கவலைப்படுவதும் எனக்கு அப்போதே உண்டு. முப்பது வயதிலேயே வீட்டில் என்னைக் 'கிழவர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த மிஸ் ஒரு வேலை கொடுத்தார். 'நான் யார்' என்று ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். கட்டுரை கூடாது. ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. படம், பாட்டு, களிமண், கம்ப்யூட்டர் என்று எதில் வேண்டுமானாலும் செய்யலாம். நன்றாகச் செய்பவர்களுக்குப் பரிசு உண்டு. ஒருவன் தன் கால்தடத்தைப் பெயின்டில் பதிக்கப்போவதாகச் சொன்னான். ஒருத்தி தன் சிரிப்பைக் கேசட்டில் பிடித்துக்கொண்டு வருவாளாம்.

நான் யார் என்று யோசித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது. என்னைப் பார்க்கிறவர்கள் 'அப்படியே அப்பா ஜாடை' என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். என் பெயருக்கு முன்னால் நிற்பதும் அவருடைய எழுத்துதான். அவர் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். வெள்ளிக்கிழமைகளில் ஃபோன் செய்வார். அந்த வெள்ளி செய்யவில்லை. அம்மா ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பேனர் என்று முடிவு செய்தேன். கல்யாண பேனருக்கு இரண்டு பேர் வேண்டும். கட்சி பேனரில் கூட்டம் அதிகம். ஒரே ஒரு மனிதரின் முகத்தைப் பெரிதாக, அமைதியாக, மேகங்களுக்கு நடுவே வைப்பது கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும்தான். அது இறந்தவர்களுக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எழுத்துதான் கூடாதே. 'கண்ணீர் அஞ்சலி' என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் மரியாதைதானே என்று நினைத்தேன்.

ஆல்பத்திலிருந்து அப்பாவின் படத்தையும், என் பாஸ்போர்ட் போட்டோ ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் பேனர் அடிக்கும் கடைக்குப் போனேன். கடை அண்ணனிடம் சுவரில் இருந்த மாதிரியைக் காட்டினேன்.

"அப்பாவா கண்ணு?"

"ஆமாண்ணா. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வேணும். கீழ என் போட்டோ சின்னதா."

"பேரு, தேதி இன்னா போடட்டும்?"

"எழுத்தே வேணாம்ணா. மிஸ் திட்டுவாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, நான் கேட்காமலேயே, முகத்தைச் சுற்றிப் பதினோரு ரோஜாக்களை வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "ஒழுங்கா படி, அம்மாவ பாத்துக்கோ" என்று என் தலையைத் தடவினார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வகுப்பில் பேனரை விரித்தேன். மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. முதல் பரிசு எனக்குத்தான் என்று உறுதியாகிவிட்டது. மதியம் தலைமை ஆசிரியையான பெரிய மிஸ்ஸும் அவரும் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் ஆட்டோவை நிறுத்தி பெரிய மிஸ் ஒரு ரோஜா மாலை வாங்கினார். எப்போது என் கழுத்தில் போடுவார்களோ என்று நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அம்மா கதவைத் திறந்தாள். தலையில் மல்லிகை, நெற்றியில் குங்குமம், கையில் கரண்டி. பெரிய மிஸ் அந்தக் குங்குமத்தைப் பார்த்து நின்றார். அம்மா அந்த மாலையைப் பார்த்து நின்றாள்.

"மனச தேத்திக்கணும்மா" என்றார் பெரிய மிஸ். "புள்ளைக்காகவாவது."

"எதுக்கு மிஸ்?"

புது மிஸ் பேனரைச் சற்றே பிரித்தார். அப்பாவின் நெற்றியும் ஒரு விளக்கும் தெரிந்தன. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்கூலுக்கா ஃபோன் வந்தது?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் பெரிய மிஸ்.

அந்த ஒரு கேள்வியில் அம்மா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அவளிடமிருந்து நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. மிஸ்கள் இருவரும் அழுதார்கள். பேனரைச் செய்தவன் நான். அதில் இருந்தது ஆல்பத்துப் படம். எல்லாம் தெரிந்தும், இவ்வளவு பெரியவர்கள் அழுகிறார்களே, அப்பா நிஜமாகவே செத்துப்போயிருக்க வேண்டும், எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை என்று நம்பிவிட்டேன். எல்லோரையும் விட உரக்க நான்தான் அழுதேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு பாய் ஓடிவந்தார். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்பவர். அவர் தம்பியும் மஸ்கட்டில்தான் இருந்தார்.

"யாரும்மா சொன்னது?" என்றார்.

அம்மா பெரிய மிஸ்ஸைக் காட்டினாள். பெரிய மிஸ் புது மிஸ்ஸைக் காட்டினார். புது மிஸ் பேனரைக் காட்டினார். பாய் அதை முழுவதுமாக விரித்துப் பார்த்துவிட்டு, கீழ்மூலையில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேய், இத யாருடா பண்ணது?"

"நான்தான் பாய். எழுத்து இல்லாம செய்யச் சொன்னாங்க."

உள்ளே குழம்பு தீயும் வாசனை வந்தது.

"அப்ப அவரு இருக்காரா?" என்றாள் அம்மா. அதை என்னிடம்தான் கேட்டாள்.

பாய் தன் தம்பிக்கு ஃபோன் போட்டார். தம்பி அப்பா தங்கியிருந்த கேம்ப்புக்கு ஆள் அனுப்பினார். அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் பாய் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா நெற்றிக் குங்குமத்தை விரலால் மூடியபடியே இருந்தாள், யாரோ அழிக்க வருவதுபோல. மிஸ்கள் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் சோபா நுனியில் இருந்தார்கள். மாலையை எங்கே வைப்பது என்று பெரிய மிஸ்ஸுக்குத் தெரியவில்லை.

ஃபோன் அடித்தது. முதலில் பாய் எடுத்தார். "இந்தாம்மா, உன் வூட்டுக்காரர்தான். ஃபோன் கார்டு தீந்துபோச்சாம், அதான் பண்ணலையாம்" என்று சொல்லி நீட்டினார்.

அம்மா ரிசீவரைக் காதில் அழுத்தி அவர் குரலைக் கேட்டாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "யாரோ ரெண்டு பேர் வந்து நீங்க இல்லன்னு சொன்னா நம்பற மாதிரிதாங்க இருக்கு நம்ம வாழ்க்கை."

மிஸ்களைப் பற்றித்தான் புகார் சொல்கிறாள், நான் தப்பித்தேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பொங்கலுக்கு முன்பே அப்பா வந்துவிட்டார். வழக்கத்தைவிடப் பெட்டிகள் அதிகம். மெத்தையைக்கூட சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, லீவு எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நான் மறுபடியும் கேட்டேன்.