எங்கட சாமான்

படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய ட்றெய்லர் ஒன்றை அஜின்கோர்ட்டில் ஒருவரிடம் வாங்கிய பிறகுதான், அதை இழுக்க என் பிக்கப் வண்டி மட்டும் போதாது என்று தெரிந்தது. ட்றெய்லருக்கென்று தனி பிறேக் உண்டு. அதை வேலை செய்ய வைக்க பிக்கப்பின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி பூட்டவேண்டும். பிறேக் கொன்ட்ரோலர்.

அதில் இரண்டு வகை. ஒன்று, நீங்கள் எப்படி மிதித்தாலும் முன்பே வைத்த அளவுக்குத்தான் ட்றெய்லரைப் பிடிக்கும். மற்றது, பிக்கப் எந்த அளவுக்கு வேகம் குறைகிறதோ அதற்கு ஏற்றபடி பிடிக்கும். எது நல்லது என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் எடுத்துக் கேட்டேன். ஒரு சூட்கேஸைக்கூடத் தானாக இழுத்திராத மோர்னிங்சைட் நண்பர் அரை மணித்தியாலம் விளக்கம் தந்தார். நானும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், யாருடனாவது பேச ஒரு சாட்டுக் கிடைத்ததே எனக்குப் பெரிய காரியம். மனைவி, மகளின் குழந்தையைப் பார்க்கக் கல்கரிக்குப் போனவள். மூன்று மாதம் என்றுதான் போனாள். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சில நாட்களில் பொழுதுபடும்வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். ட்றெய்லரை வாங்கியதே, கல்கரிவரை ஓட்டிப்போய், அவளோடு ரொக்கி மலைப்பக்கம் சுற்றிவிட்டு அப்படியே வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்றுதான். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

விற்றவரே ட்றெய்லரை ரெக்ஸ்டேலில் ஒரு கராஜில் கொண்டுவந்து விட்டார். கராஜ்காரர் நம்மவர், என்னைவிட வயதில் குறைந்தவர். நாங்கள் மலைக்குப் போகிறோம் என்றேன். மலை இறக்கமென்றால் இரண்டாவது வகைதான், யோசிக்கவே வேண்டாம் என்று பூட்டிவிட்டார். பிறகுதான் வில்லங்கம். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கவேண்டும் என்பதைப் பாரத்தைப் பார்த்துத்தான் வைக்கவேண்டுமாம். எத்தனை பேருடைய சாமான் ஏறும் என்று கேட்டார்.

இனித் தள்ளிப்போட முடியாது. அவர் முன்னாலேயே மனைவிக்குப் போன் எடுத்தேன். பயணத்தைச் சொல்லி, எங்கட சாமான் எவ்வளவு வரும், உம்மட உடுப்பு, சட்டிபானை எல்லாம் சேர்த்துச் சொல்லும் என்றேன்.

"இஞ்சருங்கோ, உங்கட சாமானை மட்டும் ஏத்துங்கோ. எனக்கு இஞ்சை பழகிப்போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அதில் நான் சளைத்தவன் இல்லை. அவள் ஆறுதலாக, நிதானமாகச் சொன்னாள். என் பிரஷர் குளிசையைக்கூட 'எங்கட குளிசை எங்கை' என்று தேடுகிறவள் அவள். அந்த 'உங்கட' எனக்கு நன்றாக வலித்தது.

ஓராளுடைய சாமான்தான் என்று கராஜ்காரரிடம் சொன்னேன். அவர் அளவைக் குறைத்தார். இருவருமாகப் பக்கத்துத் தெருவில் ஓட்டிப் பார்த்தோம். மிதித்தேன். பிக்கப்பும் ட்றெய்லரும் ஒன்றாக நின்றன.

"அண்ணை, பின்னால ஏதும் வாற மாதிரித் தெரியுதோ?"

"இல்லை" என்றேன்.

"அப்ப அளவு சரி. ஒண்டும் தெரியக்கூடாது."