கிரிஸ்டல் மைக்கும் நாக்பூர் காதும்

எழுபதுகளில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியறையில்தான் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வைத்திருந்த என் வயர்லெஸ் செட், ஹாம் ரேடியோ, இருந்தது. கீழே நிட்டிங் மெஷின்கள் ஓடும். மேலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன். நாக்பூரில் எனக்கொரு நண்பர் இருந்தார். எங்கள் கொங்குப் பக்கம் மூலனூர்க்காரர். ரயில்வே வேலைக்குப் போனவர், ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்டார். பல வருடப் பழக்கம், ஆனால் ஒருவர் குரலை மற்றவர் கேட்டதில்லை. எல்லாம் மோர்ஸ் தந்திக் குறிகள்தான், அதுவும் ஆங்கிலத்தில்.

ஒருநாள் அவர் தட்டினார்: காது போய்க்கொண்டிருக்கிறது. கீச்சு ஒலிகள் இப்போதே கேட்பதில்லை, கனத்த ஒலிகள் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதுவும் போவதற்குள் நம்மூர்ப் பேச்சை ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

புதிதாக வாங்கியிருந்த டிரான்சிஸ்டர் செட்டில் பேசலாம், ஆனால் மைக் இல்லை. கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டும் பாய் ஒருவர் தன் பழைய கிரிஸ்டல் மைக்கைக் கொண்டுவந்தார். "ஊரையே எழுப்புன மைக்குங்க இது" என்றார். செருகிப் பேசினேன். நாக்பூரிலிருந்து மோர்ஸில் பதில் வந்தது: ஏதோ காற்று வருகிறது, பேச்சைக் காணோம்.

"சத்தமாப் பேசுங்க" என்றார் பாய். கத்தினேன். கத்தக் கத்த என் ஹெட்போனில் கீச்சுதான் கூடியது. எனக்கு வந்த கோபத்துக்கு மைக்கைச் சன்னல் வழியாக வீசியிருப்பேன். "அது என்னுதுங்க!" என்று பாய் பிடுங்கிக்கொண்டார்.

கோபம் ஆறிய பிறகுதான் விளங்கியது. கிரிஸ்டல் மைக் தருவது நூலிழை மாதிரி மெல்லிய சிக்னல். பாயின் பழைய வால்வு மைக் செட் அதைப் பக்குவமாக வாங்கிக்கொள்ளும். டிரான்சிஸ்டர் செட்டோ வெடுக்கென்று இழுக்கிறது. அதில் அடிக்குரல் அத்தனையும் அறுந்துபோய்க் கீச்சு மட்டும்தான் போய்ச் சேர்கிறது. அந்த மனிதருக்குக் கேட்காத பாகமாகப் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கிறேன்!

மைக்குக்கும் செட்டுக்கும் நடுவில், மெதுவாக வாங்கிக் கொடுக்கும் எஃப்.ஈ.டி. என்ற சிறு டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்தேன். இரைச்சல் புகாமல் அதைத் தகரப் பவுடர் டப்பாவுக்குள் அடைத்தேன். மூச்சுக்காற்று இடிக்காதபடி மைக்கின் முகத்தில் பனியன் துணி கட்டினேன்.

மெஷின்கள் ஓடினால் ரேடியோ இரையும் என்பதால் பவர் கட்டுக்குக் காத்திருந்தேன். அந்த மதியம் ஊரே சட்டென்று நின்றது. சன்னலுக்கு வெளியே, வெளுத்த துணி வெயிலில் வெட்டவெளிக் காடு முழுக்க விரிந்து கிடந்தது. எங்கும் வெள்ளை. கார் பேட்டரியில் செட் மெல்ல முனகியது. நான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது. என்ன பேசுவதென்று யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"ஏனுங்க, சாப்புட்டீங்களா?"

அவரும் எங்கோ ஒரு மைக் தேடிப்பிடித்திருக்க வேண்டும்; முதன்முதலாக, அவருடைய குரல் நடுங்கியபடி வந்தது.

"கேட்டுச்சுங்க. இன்னொருக்காக் கேளுங்க."

கேட்டேன்.

"இன்னொருக்காங்க."

கரண்ட் வந்து கீழே மெஷின்கள் ஓடத் தொடங்கும்வரை, சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டாரா இல்லையா என்று சொல்ல அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.