ஏரி திரும்பிய மதியம்

வீதா கடற்கரைக்காரி. ஸ்லோவேனியாவின் பிரான் துறைமுகத்தில், வீட்டுக்குள் இத்தாலிய மொழியும் தெருவில் ஸ்லோவேனியமும் பேசி வளர்ந்தவள். செர்க்னித்சா ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, "ஏரி எங்கே?" என்று கேட்டவளுக்குக் கணவன் லோய்ஸே ஒரு புல்வெளியைக் காட்டினான். கோடையில் தரைக்குள் இறங்கிவிடும் ஏரி அது. மலையில் மழை பிடித்தால் தரையிலுள்ள ஓட்டைகள் வழியாக மேலேறி வரும். போய்விட்டு வருகிற தண்ணீரை இத்தனை வருஷத்திலும் அவள் நம்பவில்லை. "உப்புத் தண்ணிக்காரிக்கு நல்ல தண்ணியக் கண்டா நடுக்கம்" என்று ஊர் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டே மாடியறைகளை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டு, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து அனுப்பினாள்.

ஏரி இன்னும் திரும்பாத ஓர் அக்டோபரில் பெல்ஜியத்திலிருந்து யோரிஸ், மனைவியோடும் சின்ன மகள் லோத்தேயோடும் வந்து தங்கினான். பனிமலை, கடல், கிழக்கே ஹங்கேரியர் வாழும் சமவெளி எல்லாம் சுற்றியாகிவிட்டது.

"உங்க நாட்டையே ஒரு வாரத்துல முடிச்சிட்டோம்" என்றான் காலைச் சாப்பாட்டின்போது.

"ஏரிக்குள்ள கார் ஓட்டினீங்களா? அப்புறம் என்னத்தப் பார்த்தீங்க!" என்றான் லோய்ஸே. "இன்னிக்கே போங்க. தண்ணி இப்போதைக்கு வராது."

வெயிலில் ரொட்டியும் பழமும் கட்டிக்கொண்டு போனார்கள்.

மதியம் படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்த வீதாவின் கை நின்றது. ஏரித்தரையில் முரசுக்காரன் என்று ஊரார் அழைக்கும் ஓட்டை ஒன்று உண்டு. அதற்குள்ளிருந்து அடிவயிற்றில் உணரும்படியான ஒரு குமுறல் வந்தது. தெற்கே மலைக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது.

அவள் போய்ச் சொன்னபோது லோய்ஸே சீட்டாட்டத்தில் இருந்தான். "முரசுக்காரன் ஒரு நாள் முழுக்க அடிச்சப்புறம்தான் தண்ணியே வரும். போய் வேலையப் பாரு."

"உன் பொண்ணு அங்க இருந்தா சீட்டு போடுவியா?"

பதிலுக்கு நிற்காமல் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு ஏரித்தரைச் சாலையில் நடந்தாள். புல் அப்படியேதான் இருந்தது. ஆனால் தண்டுகளுக்கிடையே தண்ணீர் ஓசையில்லாமல் எழுந்து நின்றிருந்தது. எங்கிருந்தும் ஓடி வரவில்லை.

ஏரி நடுவில் அவர்களுடைய கார் நின்றிருந்தது. லோத்தே ஒரு குழியருகே குந்தியிருந்தாள். "தண்ணி கொதிக்குது, பாருங்க."

"கிளம்புங்க" என்றாள் வீதா.

"கொஞ்சம் இருங்க, இத வீடியோ எடுத்துக்கறேன்" என்றான் யோரிஸ்.

வீதா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். தாய் பின்னாலேயே ஓடி வந்தாள். யோரிஸ் காரைக் கிளப்பினான். சக்கரம் சேற்றில் சுழன்றது. கடைசியில் அவனும் இறங்கி நடந்தான்.

சாலையின் தாழ்வான இடத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது; பிறகு தொடையை. விளிம்பு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. குழந்தை அழவில்லை. அதுதான் வீதாவுக்கு அதிக பயம்.

எதிரே தட்டைப் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு லோய்ஸே வந்தான். முதலில் குழந்தையை வாங்கினான். மற்றவர்களும் ஏறியதும் படகைக் கரைக்குத் தள்ளினான். திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் கார்க் கதவில் ஏறியிருந்தது.

விருந்தாளிகள் மாடிக்குப் போனதும் அவன் அடுப்பருகே நின்றான்.

"நான்தானே அவங்களப் போகச் சொன்னேன், வீதா."

"தெரியும்" என்றபடி அவள் சூப்பை மேசையில் வைத்தாள். உட்கார்ந்து கரண்டியை எடுத்தவன், ஒரு வாய்கூடக் குடிக்காமல் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.